கதையைக் கசியவிடாமல் படத்தை விளம்பரப்படுத்துவது எப்படி? புதிய சோஷியல் மீடியா அட்மின்களுக்கு ஒரு வழிகாட்டி

சின்னப் படங்களின் சோஷியல் மீடியா வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஒருவரிடம் வந்து சேரும். படப்பிடிப்பு முடிந்திருக்கும், கையிருப்பும் கரைந்திருக்கும். "நீ நல்லா போஸ்ட் போடுவியே, பாத்துக்கோப்பா" என்று உதவி இயக்குநர் ஒருவரிடமோ தெரிந்த பையனிடமோ பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. என்ன போட வேண்டும் என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். என்ன போடக் கூடாது என்று சொல்ல ஒருவரும் இல்லை. சில படங்களுக்கும் ஒரு வெப் சீரிஸுக்கும் வேலை பார்த்து, பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அடுத்து வருபவர்கள் அதே அலைச்சலைப் பட வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரிலீஸுக்கு முன் கதையை வெளியே விடுவது பெரும்பாலும் நம் ஆட்கள்தான். அதுவும் ஒரே போஸ்ட்டில் போய்விடாது. போஸ்டரில் கொஞ்சம், பாட்டில் கொஞ்சம், பேட்டியில் கொஞ்சம் என்று துண்டு துண்டாகப் போகும். யாரோ ஒரு ரசிகர் பொறுமையாக உட்கார்ந்து ஒட்டவைத்துவிடுவார்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். மதுரையில் அக்கா காணாமல் போகிறாள். தம்பி தேடுகிறான். அக்கா இறந்துவிட்டாள் என்பது இடைவேளையில்தான் நமக்குத் தெரியும். கொன்றவர் அவளுடைய கணவர் என்பது கிளைமாக்ஸில். ஒரு பிரபல நடிகர் கடைசியில் வந்து போகிறார்.

1. படத்தை முழுதாகப் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்

"உனக்கு எதுக்குப்பா கதை, ஸ்டில்ஸ் தர்றோம், போடு" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். எதை மறைக்க வேண்டும் என்று தெரியாதவரால் எதையும் மறைக்க முடியாது. எடிட்டிங் அறையிலேயே, எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பார்த்தால் போதும். பிரதி உங்கள் கைக்கு வர வேண்டியதில்லை. வராமல் இருப்பதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு.

அதற்கு முன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போடலாம், படித்துவிட்டு. எவையெல்லாம் ரகசியம், எந்தத் தேதி வரை, எதாவது கசிந்தால் பொறுப்பு எப்படி முடிவு செய்யப்படும் என்ற மூன்றும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "எந்த வகையில் கசிந்தாலும் அட்மினே முழு நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும்" என்கிற மாதிரி வரி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு பலரிடம் இருக்கும் பக்கத்துக்கு நீங்கள் ஒருவர் பிணை நிற்க முடியாது. கையெழுத்தான பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இது முன்பே தெரிந்துவிட்டால் எந்தக் காட்சி செத்துப்போகும்? பதில் வரும் இடத்திலெல்லாம் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒன்றைப் பூட்டி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் பட்டியல் "சொல்லக் கூடாதவை". யார் சாகிறார், யார் குற்றவாளி, மறைந்திருக்கும் உறவு, கெஸ்ட் ரோல், இரட்டை வேடம், நிகழ்காலம் போலக் காட்டப்படும் பிளாஷ்பேக், இரண்டாம் பாகத்துக்கான கடைசி ஷாட் என எல்லாம் இதில் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடம், எந்தத் தேதி வரை ரகசியம், அதைத் திறக்க முடிவு செய்பவர் யார் என்று எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாவது பட்டியல் "சொல்லலாம்". இயக்குநர் ஒப்புக்கொண்ட ஒற்றை வரிக் கதை, வெளியே சொல்லக்கூடிய கதாபாத்திரப் பெயர்கள், அனுமதிக்கப்பட்ட ஸ்டில்களின் எண்கள், பாடல்கள், பேட்டியில் பேசக்கூடிய சங்கதிகள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: முதல் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள். "இந்த நடிகர் வருவதை யாரும் சொல்லாதீர்கள்" என்று இருபது பேருக்கு எழுதினால், அவர் வருவது இருபது பேருக்குத் தெரிந்துவிட்டது. முதல் பட்டியல் இயக்குநர், எடிட்டர், தயாரிப்பாளர், நீங்கள் ஆகியோருக்குள்ளேயே இருக்கட்டும். டிசைனர், பி.ஆர்.ஓ. (படத்தின் மக்கள் தொடர்பாளர்), பாடல் வெளியிடும் கம்பெனி, மீம் பேஜ், டிக்கெட் தளம் எல்லோருக்கும் இரண்டாவது மட்டும். "இதில் இருப்பதைப் பேசலாம், இல்லாததை எங்களிடம் கேளுங்கள்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒற்றை வரிக் கதைக்கு நேரம் கொடுங்கள். நம் கற்பனைக் கதைக்கு "காணாமல் போன அக்காவைத் தேடி அலையும் தம்பி" என்பது சரி. "அக்காவுக்கு நியாயம் கேட்டுப் போராடும் தம்பி" என்று எழுதிவிட்டால் அவள் இறந்தது அப்போதே தெரிந்துபோயிற்று. கேட்க இரண்டாவதுதான் வேகமாக இருக்கும். பி.ஆர்.ஓ.வும் அதைத்தான் கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

3. இடைவேளையைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் மூடி வைத்தால் அது விளம்பரமே இல்லை. டிக்கெட் எடுப்பவருக்கு இது எந்த மாதிரிப் படம், யார் யாரைத் தேடுகிறார்கள், என்ன ஆபத்து என்பது தெரிந்தாக வேண்டும். இவை எல்லாம் முதல் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். எனவே முதல் அரை மணி நேரத்துச் சரக்கைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அங்கிருந்து இடைவேளை வரை உள்ளதை யோசித்துப் பயன்படுத்துங்கள். இன்டர்வெல் பிளாக்கும் அதற்கு அப்புறமும் தொடவே வேண்டாம்.

இந்தக் கோடு ட்ரெய்லரில்தான் உடையும். அதிகச் செலவு செய்து எடுத்தது கிளைமாக்ஸ் சண்டை என்பதால் தயாரிப்பாளர் அதைக் கேட்பார், அது நியாயமும்கூட. அப்படியானால் எதிரில் நிற்பவர் யார், எந்த இடம் என்று தெரியாத நெருக்கமான ஷாட்டுகளை மட்டும் எடிட்டரிடம் கேளுங்கள். "ஒரு செகண்ட்தானே, யாருக்குத் தெரியும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். யூடியூபைக் கணினியில் நிறுத்திவைத்துக் கமா, புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். ட்ரெய்லரை அக்குவேறாகப் பிரித்துப் பேசும் பிரேக்டவுன் வீடியோ போடுபவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். ட்ரெய்லரை வெளியிடுவதற்கு முன் நீங்களும் ஒரு முறை அப்படிப் பாருங்கள்.

சிலர் படத்தில் இல்லாத காட்சியை ட்ரெய்லரில் வைத்துத் திசைதிருப்பலாம் என்பார்கள். 2018-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' ட்ரெய்லரில் ஹல்க் மற்றவர்களோடு ஓடிவரும் ஷாட் படத்தில் கிடையாது. சட்டப்படியும் பெரிய சிக்கல் இல்லை என்றுதான் தோன்றும். ட்ரெய்லரில் காட்டிய பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு ரசிகை தொடுத்த வழக்கில், விளம்பரத் துணுக்கு அதனாலேயே ஓர் ஒப்பந்தம் ஆகிவிடாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் சின்னப் படத்துக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய படத்தின் ரசிகர் மன்னித்துவிடுவார். நம் படத்தை நம்பி 150 ரூபாய் கொடுத்து வந்தவர் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் வெளியே போய்ச் சொல்வார்.

"யாருமே எதிர்பாராத ட்விஸ்ட்" என்று போஸ்டரில் போடுவதும் வேண்டாம். அதைப் படித்துவிட்டு வருகிறவர் முதல் காட்சியிலிருந்தே கணவர் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'லியோ' வெளியானபோது முதல் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள் என்று லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் கேட்டுக்கொண்டார். என்ன வருகிறது என்று சொல்லாமலேயே ஆட்களை நேரத்துக்கு வரவைத்தது அது. ஆவலைத் தொடக்கத்தின் பக்கம் திருப்புங்கள், முடிவை விட்டுவிடுங்கள்.

4. ஸ்டில்லைப் பெரிய திரையில் திறந்து, ஓரங்களைப் பாருங்கள்

ஸ்டில்ஸ் போட்டோகிராபர் அனுப்பும் நூற்றுக்கணக்கான படங்களை மொபைலில் புரட்டித் தேர்ந்தெடுப்பது வழக்கம். மொபைலில் நம் கண் முகத்தை மட்டும்தான் பார்க்கும். கதை பின்னால் இருக்கும்.

நம் கதையின் நாயகன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற ஸ்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அருமையான வெளிச்சம், நல்ல முகபாவம். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே சுவரில் ஒரு போட்டோ, அதற்குச் சந்தன மாலை, கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு. மொபைலில் அது மங்கலான புள்ளி. யாரோ ஒருவர் பிரைட்னஸைக் கூட்டிப் பெரிதாக்கினால் அக்கா இறந்த செய்தி அங்கே மாட்டியிருக்கிறது.

இதே மாதிரி பார்க்க வேண்டியவை: நெற்றிப் பொட்டு, தாலி, மெட்டி, தாடியும் முடியும் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, கட்டு, தழும்பு, போலீஸ் சட்டைத் தோளில் நட்சத்திரங்களின் எண்ணிக்கை (பதவி உயர்வு தெரிந்துவிடும்), சுவர்க் காலண்டர், போன் திரையில் தெரியும் பெயர், கண்ணாடியில் விழும் பிம்பம். கணினியில் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, நான்கு மூலையையும் பாருங்கள். பிறகு கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, "இதைப் பார்த்தா கதை என்னன்னு தோணுது?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்த ஸ்டில் ரிலீஸுக்கு அப்புறம்தான்.

வீடியோவுக்கு வேறு கவலை. யூடியூப் தானாகவே சில ஃபிரேம்களை எடுத்துத் தம்ப்நெயிலாக (வீடியோவின் முகப்புப் படமாக) காட்டும், அதில் எது வரும் என்று சொல்ல முடியாது. நாமே தம்ப்நெயில் வைக்க வேண்டுமென்றால் சேனலுக்கு மொபைல் எண் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். காசு கிடையாது, ஆனால் ட்ரெய்லர் அன்று மாலை அதைச் செய்துகொண்டிருக்காதீர்கள். யார் எண்ணுக்கு ஓ.டி.பி. போகிறதோ அவர் அன்றைக்குத்தான் விமானத்தில் இருப்பார். இன்ஸ்டாகிராம் ரீலுக்கும் கவர் படத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று: யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே லிங்க்கில் வேறு வீடியோவாக மாற்ற முடியாது. ஸ்டுடியோ எடிட்டரில் வெட்டலாம், அது மாறிவர மணிக்கணக்கில் ஆகலாம். எனவே பொதுவில் விடுவதற்கு ஒரு நாள் முன்பே பிரைவேட்டாக ஏற்றி, முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

5. எழுத்து வழியாகக் கசிவதைத் தேடுங்கள்

படத்தை எல்லோரும் பார்ப்பார்கள், எழுத்தைப் பார்க்க மறந்துவிடுவார்கள்.

கேப்ஷனில் காலத்தைக் கவனியுங்கள். "அவளுக்குத் தம்பி என்றால் உயிர்" என்பதற்கும் "உயிராக இருந்தாள்" என்பதற்கும் நடுவில் ஒரு மரணம் இருக்கிறது. அக்கா பெயரோடு நியாயம் கேட்கும் ஹேஷ்டேகும் அப்படித்தான்.

பாட்டுத் தலைப்பு இன்னும் மோசம். ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1999-இல் வந்த படத்தின் இசைத்தொகுப்பு, படத்துக்கு முன்பே கடைக்கு வந்தது. அதில் ஒரு டிராக்கின் பெயரிலேயே குவை-கான் என்ற முக்கியப் பாத்திரத்தின் இறுதிச் சடங்கு இருந்தது. நம்மூரிலும் பாடலை வெளியிடுவது இசைக் கம்பெனி, அவர்களுக்குக் கதை தெரியாது. லிரிக்கல் வீடியோவுக்கு ஸ்டில் கேட்டால் எண் போட்டு நீங்கள் கொடுங்கள். ஒப்பாரி மாதிரி ஒரு பாட்டு இருந்தால் அதைப் படம் வந்த பிறகு வெளியிட முடியுமா என்று முன்கூட்டியே பேசுங்கள். ஒப்பந்தத்தில் தேதி எழுதிய பிறகு கேட்டால் நடக்காது.

சப்டைட்டில் கோப்பையும் திறந்து படியுங்கள். ட்ரெய்லரில் முகம் தெரியாமல் ஒரு குரல் மிரட்டும், காது கேளாதவர்களுக்கான சப்டைட்டிலில் அந்தக் குரல் யாருடையது என்று பெயர் போட்டிருப்பார்கள். போஸ்டர், ஸ்டில்களோடு சேர்க்கும் மாற்று உரையும் (அதில் இருப்பதை விவரிக்கும் வரி, ஆல்ட் டெக்ஸ்ட்) அப்படித்தான். அதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள், பார்வையற்ற ரசிகர்களுக்கு அது வேண்டும். திரையில் தெரிவதை மட்டும் எழுதுங்கள். யூடியூபில் நீங்கள் கொடுக்கும் டேக் சொற்கள் பக்கத்தில் தெரியாவிட்டாலும், பக்கத்தின் மூல நிரலில் யாரும் படிக்கலாம். கெஸ்ட் ரோல் நடிகரின் பெயரை அங்கே போடாதீர்கள்.

கடைசியாக, டிக்கெட் தளங்களுக்கும் ஐ.எம்.டி.பி. என்ற திரைப்படத் தகவல் தளத்துக்கும் போகும் கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல். யாராவது ஆர்வக்கோளாறில் முழுப் பட்டியலையும் ஏற்றிவிடுவார்கள். ரிலீஸ் வாரத்தில் தினமும் ஒரு தடவை பாருங்கள். விக்கிபீடியாவோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். கதையை முழுதாக எழுதுவது அங்கே விதிக்கு உட்பட்டதே. ஸ்பாய்லர் (கதையை முன்கூட்டியே போட்டுடைப்பது) என்று சொல்லி நீக்கினால் திரும்ப வந்துவிடும், நீக்கிய உங்கள் கணக்கும் கேள்விக்குள்ளாகும்.

6. கோப்பு அனுப்பும் முறை

கூகுள் டிரைவில் "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்பதை மாற்றி, மின்னஞ்சல் முகவரி சேர்த்து மட்டும் அனுப்புங்கள். யூடியூபில் அன்லிஸ்டட் (தேடலில் வராத, லிங்க் இருந்தால் பார்க்கக்கூடிய) லிங்க்கும் கைமாறிப் போகக்கூடியதே. ஏதாவது ஒரு பொது பிளேலிஸ்டில் அதைச் சேர்த்துவிட்டால் வெளியே தெரிந்தும்விடும். பிரைவேட்டாக வைத்து, பார்க்க வேண்டியவர்களை மின்னஞ்சலில் அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் போகும் பிரதியில் அவர் பெயர் வாட்டர்மார்க்காக இருக்கட்டும்.

ஒப்புதலுக்கு ஒரு தனி வாட்ஸ்அப் குழு, அதில் ஓகே சொல்ல இரண்டே பேர். ஒவ்வொரு கோப்புக்கும் எண் கொடுங்கள். "போஸ்டர் 14 ஓகே" என்று எழுத்தில் வந்தால்தான் போட வேண்டும். வெறும் கட்டைவிரல் இமோஜி எந்தக் கோப்புக்கு என்று இரவு பதினொரு மணிக்கு யாராலும் சொல்ல முடியாது.

7. பேசப் போகிறவர்களைத் தயார் செய்யுங்கள்

நடிகர்களுக்குக் கட்டுப்பாடு போட்டால் பிடிக்காது. அதற்குப் பதில், பேட்டிக்கு முந்தைய நாள் அவர்களிடம் பேசக்கூடிய மூன்று சம்பவங்களைக் கொடுங்கள். மதுரை வெயிலில் எடுத்த ஒரு காட்சி, வட்டார வழக்கு கற்றுக்கொண்டது, இயக்குநர் கேட்ட டேக்குகள். பேச நல்ல விஷயம் கையில் இருப்பவர் கதைக்குள் போக மாட்டார். ஆடியோ லான்ச் மேடைக்கும் இதேதான். உணர்ச்சிவசப்பட்டுப் பேசும்போதுதான் "கிளைமாக்ஸ்ல நான் அழுதுட்டேன், அந்தப் பொண்ணோட உடம்பைப் பாத்ததும்…" என்று வாய்தவறி வரும்.

டப்பிங் கலைஞர், மேக்கப் போட்டவர், சண்டைக் குழுவினர் ஆகியோரின் இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் பாருங்கள். அவர்களுக்கு அந்தப் புகைப்படம் பெருமையான வேலைச் சான்று. அதட்டாமல், "ரிலீஸ் ஆனதும் நாங்களே உங்க பேரைப் போட்டு ஷேர் பண்றோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யவும் செய்யுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு பேசும் இன்ஃப்ளூயன்சர்களுக்கு "சொல்லலாம்" பட்டியலைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது. அவர்கள் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் இதைச் சொல்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

8. வெளியாகும் நாள் வியாழக்கிழமையே தொடங்கிவிடும்

வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் நம் மனதில் இருப்பது தமிழ்நாட்டின் காலை 9 மணிக் காட்சி. கதை அதற்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்துவிடும். நியூயார்க்கில் கோடைக்காலத்தில் வியாழன் மாலை 6 மணிக்குப் பிரீமியர் என்றால் நமக்கு வெள்ளி அதிகாலை 3:30. இரண்டரை மணி நேரப் படம் ஆறு மணிக்கு முடியும். நம் ஊர் ரசிகர் பல் விளக்குவதற்குள் எக்ஸ் தளத்தில் எல்லாம் இருக்கும். அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் இது ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மலேசியா, சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். பக்கத்து மாநிலமும் கணக்கில் உண்டு: 2023 அக்டோபர் 19 அன்று 'லியோ'வுக்குத் தமிழ்நாட்டில் முதல் காட்சி 9 மணி, கேரளத்தில் அதிகாலை 4 மணி.

அதனால் விநியோகஸ்தரிடம் ஒவ்வொரு நாட்டின் முதல் காட்சி நேரத்தையும் திங்கட்கிழமையே வாங்கி, இந்திய நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதுங்கள். உலகின் முதல் காட்சி எப்போது முடிகிறதோ, அதற்கு முன் அடுத்த படியில் சொல்லும் கமென்ட் ஏற்பாடுகள் முடிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் விழித்திருக்க ஒரு ஆளும் வேண்டும். ஒரே ஆள் இரவும் பகலும் பார்த்தால் வெள்ளி மதியம் கண் சொருகி, எதையாவது ரீட்வீட் செய்துவிடுவார்.

ரீட்வீட் செய்யும் முன் முழுதாகப் படியுங்கள். முதல் பதிவு "சூப்பர் படம்" என்று இருக்கும், அதே தொடரின் நான்காவது பதிவில் கொலையாளி இருப்பார்.

பத்திரிகையாளர் காட்சி வைத்தால், எந்தத் தேதி எந்த மணிக்கு விமர்சனம் வரலாம் என்று "இந்திய நேரம்" என்ற சொல்லோடு கடிதத்தில் எழுதுங்கள். "வியாழன் இரவு 12 மணி" என்றால் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வார்கள், 11:59 என்று எழுதுங்கள். விமர்சனத்தையே நிறுத்திவைக்கும் எண்ணம் வேண்டாம். முதல் மூன்று நாளுக்கு இணைய விமர்சனங்களுக்குத் தடை கேட்டு 2024-இல் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள், அப்படி ஒரு தடை கிடைக்கவில்லை. கதையைச் சொல்லாமல் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டால் நல்ல விமர்சகர்கள் மதிக்கிறார்கள்.

9. கமென்ட் பகுதி

யூடியூப் ஸ்டுடியோ அமைப்புகளில் தடுக்க வேண்டிய சொற்களைச் சேர்க்கலாம், அந்தச் சொல் உள்ள கமென்ட் உங்கள் பார்வைக்கு நிறுத்திவைக்கப்படும். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக் பக்கத்திலும் இதே வசதி உண்டு. எல்லாம் இலவசம்.

பட்டியலைத் தமிழில் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். நம் ஆட்களில் நிறையப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதுகிறார்கள். "செத்துட்டா" என்பதை ஒரு டி போட்டு எழுதுவார்கள், இரண்டு போட்டு எழுதுவார்கள், எச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள், கடைசியில் ஒரு ஏ, மூன்று ஏ. "புருஷன்" என்பதற்கு எஸ் தனியாகவும் எச்சோடும். கொலையாளி, வில்லன், கிளைமாக்ஸ், கெஸ்ட் ரோல் நடிகரின் பெயர், அவருடைய பட்டப்பெயர், ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் எல்லாம் சேர வேண்டும். ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து எழுதும் வேலை இது, ஆனால் அந்த உழைப்பு வீண்போகாது.

எக்ஸ் தளத்தில் மற்றவர் பதிலை நீக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். மறைத்ததையும் தேடிப் பார்க்க வழி உண்டு. அங்கே ரிலீஸ் நாளில் பதில் சொல்லும் உரிமையைக் கட்டுப்படுத்துவதையும் யோசிக்கலாம்.

முக்கியமான எச்சரிக்கை: யாராவது கதையைப் போட்டுவிட்டால் "ஸ்பாய்லர் சொல்லாதீங்க ப்ரோ" என்று அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து பதில் போடாதீர்கள். அதுவரை அது யாரோ ஒருவரின் ஊகம். நீங்கள் பதில் போட்ட நொடியில் அது உறுதியான செய்தி. சத்தமில்லாமல் மறைத்துவிடுங்கள். பொதுவான வேண்டுகோள் ஒன்றை மேலே பின் செய்து வையுங்கள், அதில் எந்தக் காட்சி, எந்தப் பாத்திரம் என்ற குறிப்பே இருக்கக் கூடாது. "படம் பார்த்தவர்களே, அடுத்தவரும் உங்களைப் போலவே பார்க்கட்டும்" என்ற அளவு போதும்.

ஸ்பாய்லர் என்ற பெயரில் படம் பிடிக்கவில்லை என்ற கமென்ட்டை நீக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அவர் காசு கொடுத்துப் பார்த்தவர், அவர் கருத்தைச் சொல்ல உரிமை இருக்கிறது. நீக்கியது தெரிந்தால் உங்கள் வேண்டுகோளை யாரும் மதிக்க மாட்டார்கள்.

10. திரையரங்கில் எடுத்த கிளிப் பரவினால்

கெஸ்ட் ரோல் நடிகர் வரும் இடத்தில் விசிலோடு போனையும் தூக்குவார்கள். மதியத்துக்குள் ரீல்ஸில் வந்துவிடும். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி திரையரங்கில் அனுமதியின்றிப் படம் பிடிப்பது குற்றம், 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஆனால் பத்து விநாடி எடுத்த ரசிகர்மேல் போலீஸுக்குப் போவதால் கிளிப் மறையாது. காப்புரிமைப் படிவம் வழியாகப் புகார் செய்வதுதான் வேலைக்கு ஆகும் வழி, அதற்குக் கட்டணம் இல்லை.

ரிலீஸுக்கு முன்பே ஒரு கோப்புறையில் வைத்திருக்க வேண்டியவை: தயாரிப்பு நிறுவனம் தன் சார்பில் புகார் செய்ய உங்களுக்குக் கொடுத்த கடிதம், தணிக்கைச் சான்றிதழ் நகல், நிறுவனத்தின் முகவரியும் தனி மின்னஞ்சலும். உங்கள் சொந்தப் பெயரில் புகார் போடாதீர்கள். புகார் செய்தவர் யார் என்ற விவரம் வீடியோ போட்டவருக்குப் போகும். ஒவ்வொரு லிங்க்கையும் நேரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டோடு சேமியுங்கள்.

கதையை வாயால் சொல்கிறவர்மேல் இந்தப் படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது. காட்சி இல்லாமல் கதையைப் பற்றிப் பேசுவது காப்புரிமை மீறல் ஆகாது. பொய்ப் புகார் உங்கள் கணக்கையே முடக்கும்.

11. செலவு எங்கே வரும்

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்கு நேரம்தான் செலவு. பணம் போவது விளம்பரத்தில். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பூஸ்ட் செய்யும் (பணம் கட்டிப் பதிவைப் பரப்பும்) தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பட்ஜெட் கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள். விளம்பரம் பரிசீலனைக்குப் போய் ஓகே ஆக ஒரு நாள் வரை எடுக்கலாம் என்பதால் முந்தைய நாளே ஏற்றுங்கள். எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்கால் பதிவைத் திருத்த முடியாது, அழிக்கத்தான் முடியும். ரிலீஸ் மாதத்துக்கு மட்டுமாவது கட்டணக் கணக்கு எடுத்தால் குறுகிய நேரத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். இரவு வேலை பார்க்கும் இரண்டாவது ஆளுக்கான சம்பளத்தைக் கேட்க மறந்துவிடாதீர்கள். பட்ஜெட்டில் முதலில் வெட்டுவது அதைத்தான்.

12. பூட்டை எப்போது திறப்பது

படம் ஓடத் தொடங்கியதும் எல்லோருக்கும் கை பரபரக்கும். சனிக்கிழமையே கெஸ்ட் ரோல் நடிகரின் படத்தைப் போட்டு நன்றி போஸ்டர் கேட்பார்கள். ஞாயிறு மாலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு வரப் போகிறவர் இன்னும் படம் பார்க்கவில்லை. சின்ன ஊர்களில் இரண்டாவது வாரத்தில்தான் பார்ப்பார்கள். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019 ஏப்ரல் 26 அன்று இங்கே வெளியானது. அதன் இயக்குநர்களான ரூஸோ சகோதரர்கள் ஏப்ரல் 16 அன்றே கதையைச் சொல்லாதீர்கள் என்று கடிதம் வெளியிட்டு, பிறகு மே 6 முதல் பேசலாம் என்று தேதி குறித்தார்கள். அந்த அளவு ரசிகர் கூட்டம் உள்ள படத்துக்கே பத்து நாள் தேவைப்பட்டது. வாய்வழிப் பேச்சை நம்பி ஓடும் படத்துக்கு இரண்டு வாரமாவது கேளுங்கள். சக்ஸஸ் மீட் மேடைக்கும் அந்தத் தேதிதான்.

பிறகு ஓ.டி.டி. நிறையத் தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் வந்துவிடுகின்றன. உங்கள் படத்தை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களில் பெரும் கூட்டம் அங்கேதான் இருக்கும். எனவே திறப்பதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு கெஸ்ட் ரோல், சண்டைக் காட்சி, பாட்டு வீடியோ ஆகியவற்றை வெளியிடலாம். அக்காவின் மரணம், கொலையாளி ஆகியவற்றை ஓ.டி.டி. வந்து குறைந்தது ஒரு வாரம் வரை தொட வேண்டாம்.

ஓ.டி.டி. தளம் தனக்கென்று தம்ப்நெயிலும் கதைச் சுருக்கமும் தயாரிக்கும். அதைச் செய்பவர் படத்தை இறுதி வரை பார்த்திருப்பார், அதனால்தான் அவருக்குப் பிடித்த ஃபிரேம் கிளைமாக்ஸில் இருக்கும். படத்தை ஒப்படைக்கும் நாளிலேயே "சொல்லலாம்" பட்டியலும் அனுமதித்த ஸ்டில்களும் அந்தக் கோப்புகளோடு போகட்டும். தளத்தில் ஏறுவதற்கு முன் கதைச் சுருக்கத்தை ஒரு முறை உங்களுக்கு அனுப்பச் சொல்லி மின்னஞ்சலில் கேட்டுவையுங்கள். தளத்தில் வந்த முதல் மணி நேரத்தில் டிவியிலும் மொபைலிலும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். இரண்டிலும் வேறு வேறு படம் வரக்கூடும்.